பாவாவின் சாமி மலையேறிய கதை

என் பாவா இழவு வீட்டில் சிரித்தார். துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வழிய, உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிடும்படி சிரித்தார். எதிரே கிடத்தியிருந்தது எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரரை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கௌரவமான மனிதர். கால் கட்டைவிரலில் கட்டும் மூக்கில் பஞ்சுமாகப் படுத்திருந்தவரைப் பார்த்து, ஏதோ அவர் பெரிய ஜோக் சொல்லிவிட்டு செத்துப்போனதுபோல பாவா சிரித்துக்கொண்டே இருந்தார்.

பாவா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். திருத்தணியிலிருந்து கொஞ்சம் மேற்கே போனால் ஆந்திரா. அதனால் எங்கள் வீட்டில் அப்பா நைனா, அக்கா புருஷன் பாவா. பேசுவது தமிழ்தான்.

செத்தவரின் பெரிய மகன் எழுந்து வந்தான். "யோவ், இன்னா நக்கலா?" என்றான். சட்டைக் கையை மடித்துவிட்டான். நான் பாவாவின் நாற்காலிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன். அடி விழுந்தால் முதல் அடி எனக்குத்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பெண்கள் கூட்டத்தில் இருந்து அக்கா எழுந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள்.

"நக்கலும் இல்ல, கிக்கலும் இல்ல. மேளத்த கேட்டதும் அவருக்கு சாமி வந்துடுச்சி. தள்ளி நில்லு."

"எயவு வூட்டுல தீட்டு இருக்குது. எந்த சாமி வரும்?" என்றாள் ஒரு கிழவி.

"அவரு மேல வர்ற சாமிக்கு தீட்டு கெடையாது," என்றாள் அக்கா.

அடிபடாமல் வீடு வந்து சேர அவள் அந்த நிமிடத்தில் கண்டுபிடித்த பொய் அது. எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் திரும்பி வரும்போது என் கையைக் கிள்ளி, "நீ இன்னா மரமாட்டம் நின்னுகினு இருந்த?" என்று கேட்டாள். ஆனால் அந்தப் பொய்யை அவளே ஒரு வாரத்துக்குள் நம்ப ஆரம்பித்துவிட்டாள். அங்கேதான் தொல்லை தொடங்கியது.

பாவா பம்பைக்காரர். இடுப்பில் இரட்டை மேளத்தைக் கட்டிக்கொண்டு, வளைந்த குச்சியால் தேய்த்தும் நேர்க்குச்சியால் அடித்தும், முருகனை வர்ணித்துப் பாடி, காவடி எடுக்கிறவர்கள் மேல் சாமியை வரவழைக்கிற வேலை. ஆடிக் கிருத்திகைக்கு சித்தூர், நகரி, வேலூர் என்று எங்கிருந்தெல்லாமோ பூக்காவடிக் கூட்டம் வரும். பாவாவின் பம்பைக்கு மூன்று மாதம் முன்பே சொல்லி வைப்பார்கள். ஆடாதவனும் ஆடுவான். பாங்க் மேனேஜர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஆடியதை நானே பார்த்திருக்கிறேன்.

இத்தனை பேருக்கு சாமி இறக்கியவர் மேல் ஒரு தடவைகூட சாமி வந்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்வார். "நான் கண்டக்டருடா. டிக்கெட்டு குடுப்பேன், பிரயாணம் போவ மாட்டேன்." அக்கா காதைப் பொத்திக்கொள்வாள்.

இழவு வீட்டுக்கு முந்தைய கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால் இழுத்துக்கொண்டன. வாய் கோணியது. ஸ்ட்ரோக். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முருகனைக் கண்டக்டர் கணக்கில் பேசியதற்குத் தண்டனை என்று அக்கா சொன்னாள். அவர்களுக்கு ஒரே மகள், கல்யாணமாகி புத்தூரில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. ஆகவே அக்கா எனக்குப் போன் செய்தாள்.

நான் அப்போது நாக்பூர் பக்கத்தில் ஒரு தாபாவில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சூரத்தில் தறி ஓட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், கோவாவில் மீன் பெட்டி தூக்கினேன். எந்த ஊரும் என்னை ஒரு வருடத்துக்கு மேல் தாங்கியதில்லை, நானும் எந்த ஊரையும் தாங்கியதில்லை. திருத்தணிக்கு வந்தால் பத்து நாள். பதினோராவது நாள் பையைத் தோளில் போட்டுவிடுவேன். தை பிறந்ததும் வந்து சேர்ந்தபோதும் அதே கணக்கில்தான் வந்தேன்.

வந்து பார்த்தால் பாவா வேறு ஆளாக இருந்தார். கோலை ஊன்றிக்கொண்டு பத்தடி நடந்தார். பேச்சு குழறியது; ஆனால் கொஞ்சம் காத்திருந்தால் புரியும். அது இல்லை விஷயம். முன்பெல்லாம் நான் வாசலில் கால் வைக்கும்போதே, "வந்துட்டாருய்யா, கலெக்டரு" என்பார். இந்தத் தடவை என்னை ஒரு பார்வை பார்த்தார், சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கு நடுவில்தான் இந்தச் சிரிப்பும் அழுகையும். காரணமே இருக்காது. டீ ஆறிவிட்டது என்று அக்கா சொல்வாள், தேம்பித் தேம்பி அழுவார். டிவியில் வெள்ளச் சேதம் காட்டுவார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார். பக்கத்து வீட்டுக் காதுகுத்தில், குழந்தை அழுததைவிட சத்தமாக இவர் அழுததில் ஆசாரி ஊசியைக் கீழே போட்டுவிட்டார்.

இழவு வீட்டுச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு பூக்காரம்மா வந்தாள். அவளுடைய ஆடு காணாமல் போய் மூன்று நாளாகிவிட்டது. "கெடைக்குமா சாமி?" என்றாள். பாவா சிரித்தார். சாயங்காலம் ஆடு தானாகவே வந்துவிட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் நான்கு பேர். அதற்கு மறுநாள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த ஒன்றரை மாதத்தை நான் ரொம்பவே அனுபவித்தேன். பாவாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சாமியின் சிரிப்புக்கும் அழுகைக்கும் அர்த்தம் சொல்கிற வேலை என்னுடையது. சிரித்தால் நடக்கும், அழுதால் நடக்காது. இது சுலபம். அழுதுவிட்டு உடனே சிரித்தால்தான் வேலை. நகரியில் இருந்து ஒரு அம்மா, மகளுக்குக் கல்யாணம் எப்போது என்று தெலுங்கில் கேட்டாள். பாவா முதலில் அழுதார், பிறகு சிரித்தார், மறுபடியும் அழுதார்.

"முதல்ல கஷ்டப்படுத்தும், அப்பால கூடி வரும்," என்றேன்.

"கடசீல அழுதாரே?"

"அது கல்யாணத்துக்கு அப்பால."

அந்த அம்மா தலையை ஆட்டினாள். அதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் ஒருவர், ரெண்டாவது தறி போடலாமா என்று கேட்க வந்தவர், பாவா எதுவுமே செய்யாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அரை மணி நேரம் நின்றார். "சாமி யோசிக்குது, கரண்டு பில்ல பாத்துட்டு சொல்லும்," என்று அனுப்பி வைத்தேன். எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் மலைபோலக் குவிந்தன. வாழைப்பழத்தை நான் பார்த்துக்கொண்டேன். எலுமிச்சம்பழத்தை பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவேன். அவர் எனக்கு வேளைக்கு ஒரு சர்பத் தருவார். திருத்தணி வெயிலுக்கு முருகன் செய்த ஏற்பாடு என்று நினைத்துக் குடித்தேன்.

அக்கா வேறு மனுஷியாகிவிட்டாள். விடிந்ததும் தலைக்குக் குளித்து, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, பாவாவுக்கு விபூதி பூசி உட்கார வைத்தாள். "தண்டன குடுத்த சாமியே மன்னிச்சி எறங்கி வந்துட்டாரு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் பார்த்தோம், யாரும் பார்க்கவில்லை. பாவா சாப்பிடவில்லை. தட்டில் வைத்ததை இடது கையால் அளைவார். இரண்டு வாய். அதோடு சரி. வேட்டிக்கு மேலே இடுப்பு எலும்பு துருத்தித் தெரிந்தது. "சாமி வந்தவங்க வெரதம் இருப்பாங்க," என்றாள் அக்கா. சரிதான் என்று நானும் இருந்துவிட்டேன். சர்பத் குடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

பங்குனி மாதம் ஒரு மத்தியானம். வீட்டில் கூட்டமில்லை. அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மூலையில் பாவாவின் பம்பை கிடந்தது. அதில் ஒரு பக்கத்துத் தோல் கிழிந்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. தோல் மாற்றி வைத்தால் அவர் முகம் கொஞ்சம் தெளியுமோ என்று தூக்கினேன். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

கவிழ்த்து உதறினேன். மாத்திரைகள். வெள்ளை, ரோஸ், மஞ்சள். தரை முழுக்க உருண்டன. பிரஷருக்கு, ரத்தம் உறையாமல் இருப்பதற்கு, கொழுப்புக்கு என்று ஆஸ்பத்திரியில் கொடுத்தவை. அக்கா வேளை தவறாமல் கையில் கொடுத்தவை. ரெண்டு மாத மாத்திரை அங்கே இருந்தது. இதை நிறுத்தினால் மறுபடியும் அடைக்கும், இன்னொரு தடவை வந்தால் ஆள் தாங்க மாட்டார் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பாவா பாயில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாவா இது? பல்லி முட்ட போட்டிருக்குதா?"

அவர் பேச எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியும். ஒவ்வொரு மாத்திரையாகப் பொறுக்கி என் துண்டில் போட்டேன்.

"வேணாண்டா," என்றார்.

"எது வேணாம்?"

"எதுவும்." வாய் கோணி எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். "காலைல கண்ணு தொறந்தா, இது ஏண்டா தொறந்துச்சின்னு இருக்குது."

எனக்கு அந்த வாக்கியம் புதிதில்லை. லாரியில் என்னோடு வந்த ஒரு டிரைவர் இப்படித்தான் சொன்னான். அவன் கதை இங்கே வேண்டாம். ஆனால் அதைக் கேட்ட பிறகு சிரித்து மழுப்பக்கூடாது என்று அவனால் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உனுக்குத்தான் சாமியே வருதே. ஊரே வந்து கும்புடுது."

"சாமியா?" இடது கையால் என் மண்டையில் தட்டினார். ரெண்டு மாதத்தில் அவர் தன்னிஷ்டத்துக்குச் செய்த முதல் காரியம் அது. "டேய், முப்பது வருசம் சாமி எறக்கனவன்டா நானு. எது சாமி, எது சாராயம், எது மாமியார் மேல இருக்கற கோவம், மொகத்த பாத்தா சொல்லுவேன். இது எதுவும் இல்ல. அதும்பாட்டுக்கு வருது. வாந்தி வர மாரி. உள்ள சிரிப்பே இல்ல, வாய் சிரிக்குது."

"அப்ப அக்காகிட்ட சொல்றதுதான?"

"சொன்னா பைத்தியம்னு ஆவும். சாமின்னே இருந்துட்டு போவட்டும். அவளும் பொட்டு வெச்சிகினு சந்தோசமா கீறா."

அப்புறம் அழ ஆரம்பித்தார். அது வாய் அழுத அழுகையா, ஆள் அழுத அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை மாதமாக எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொன்னவன் நான்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் மனநல டாக்டரம்மா வருவதாக மருந்துக் கடையில் சொன்னார்கள். மாத்திரைகளைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. நான் துண்டை அவிழ்த்து மேஜை மேல் கொட்டியதும், "இதெல்லாம் நீங்க சாப்பிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, பம்பை சாப்டது."

முழுக் கதையையும் சொன்னேன். ஆட்டுக் கதையில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வரிசையாகக் கேட்டார். தூங்குகிறாரா? முன்பு பிடித்தது எதுவாவது இப்போது பிடிக்கிறதா? தன்னால் எல்லோருக்கும் பாரம் என்கிறாரா? செத்தால் தேவலை என்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் தலையாட்டும்போது, இதையெல்லாம் தினமும் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று எனக்கே உறைத்தது.

இரண்டு விஷயம் என்றார் அவர். அழுகையையும் சிரிப்பையும் அடக்கி வைக்கிற இடம் மூளையில் அடிபட்டிருக்கிறது. அதனால் மனசுக்குச் சம்பந்தமில்லாமல் அவை வெளியே வந்துவிடுகின்றன. அடக்கச் சொன்னாலும் அவரால் அடக்க முடியாது. அது ஒன்று. இன்னொன்று மனச்சோர்வு. ஸ்ட்ரோக் வந்தவர்களில் நிறையப் பேருக்கு வருவது. சோம்பேறித்தனமும் இல்லை, பைத்தியமும் இல்லை, காய்ச்சல் மாதிரி ஒரு வியாதி. சாப்பாட்டை வெறுப்பதும் மாத்திரையை ஒளிப்பதும் அதன் வேலை.

"ரெண்டுக்கும் ஒரே மாத்திரைதான் பெரும்பாலும். ஆனா நாலஞ்சு வாரம் ஆகும். அவரைக் கூட்டிட்டு வாங்க, சீக்கிரம். தனியா விடாதீங்க. மாத்திரையை நீங்களே கையில கொடுத்து, முழுங்கினதைப் பாருங்க."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் துண்டை அவிழ்த்துக் காட்டினேன். விரலால் மாத்திரைகளைக் கிளறிப் பார்த்தாள். பிறகு அவற்றை ஓரமாகத் தள்ளினாள்.

"இது வேணாம்னு சாமியே சொல்லிட்டாரு. அதான் ஒளிச்சி வெச்சிருக்கறாரு."

"யக்கா, அது சாமி இல்ல. வியாதி. அந்த சிரிப்புக்கு மாத்திர இருக்குதாம்."

"மாத்திர போட்டு சாமிய வெரட்டுவியா நீ?" என்றாள். "ஒருதபா அவரு வாயால பேசனதுக்கே கைய கால புடுங்கிகினாரு. இப்ப நம்பளே வெரட்டினா, உயிரத்தான் எடுத்துகினு போவாரு. நீ இன்னும் பத்து நாள் இருப்ப, ஓடிடுவ. வெச்சிகினு இருக்கப் போறது நானு."

அவள் பிடிவாதம் பிடித்தது அறியாமையால் இல்லை, பயத்தால். பயத்தோடு வாதம் செய்து ஜெயித்த ஆளை நான் எந்த மாநிலத்திலும் பார்த்ததில்லை. பாவாவுக்குத் தட்டில் வைத்த சாதம் அன்றும் அப்படியே இருந்தது. அக்காவுக்குத் தெரியாமல் பழைய மாத்திரையை நான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தே விழுங்க வைத்தேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டக்கூட இல்லை.

சாமியை விரட்டத்தானே கூடாது? அனுப்பி வைக்கலாமே?

எந்தப் பம்பைக்காரருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆடி முடிந்தவர் மேல் இருக்கிற சாமியை அப்படியே விட்டுவிட முடியாது. பாடி, விபூதி போட்டு, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி மலையேற்ற வேண்டும். அதற்குப் பிறகு அவர் சாதாரண ஆள். டீ குடிக்கலாம், பீடி குடிக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் பாவாவின் காதில் இதைச் சொன்னேன்.

"நடிக்கணுமா?" என்றார்.

"நாலு வார்த்த. என் வேல முடிஞ்சிபோச்சி, மலைக்கு போறேன், இவன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க. அவ்ளோதான். உனுக்குத் தெரியாத நடிப்பா?"

"நான் கண்டக்டருடா."

"ஒருதபா பிரயாணம் போய்ட்டு வா."

அவர் ஒத்துக்கொண்டதற்கு நான் காரணமில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அடுப்படியில் அக்கா தனியாக மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டபடி, "சரி, கூப்புடு பசங்கள," என்றார்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாவாவின் கோஷ்டி வந்தது. நான்கு பேர். அவர் இடத்தில் இப்போது அடிக்கிறவன் ஒல்லியாக, மீசையை மட்டும் பெரிதாக வளர்த்து வைத்திருந்தான். சாமி தானே மலையேறக் கேட்கிறது என்று அவர்களிடம் சொல்லி வைத்தேன். தெருவே வாசலில் நின்றது. இழவு வீட்டுப் பெரிய மகன்கூட வந்திருந்தான். அக்கா கற்பூரத் தட்டை வைத்துக்கொண்டு, அடி வாங்கப் போகிறவள்போல உடம்பை ஒடுக்கி நின்றாள்.

பம்பை தொடங்கியது. பாவா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவது. கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் போச்சு, ஆளுக்கு இதற்குக்கூட மனசில்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது பாட்டில் மீசைக்காரன் தாளத்தில் சறுக்கினான். எங்களுக்கெல்லாம் தெரியவில்லை. பாவாவின் தலை நிமிர்ந்தது. மறுபடியும் அதே இடத்தில் சறுக்கினான். பாவா இடது கையால் நாற்காலிக் கையை ஓங்கி அறைந்தார்.

"நிறுத்துறா!"

குழறாமல் வந்தது அந்த வார்த்தை. தெரு ஒரே நேரத்தில் கைகூப்பியது. "முருகா! பேசு சாமி!"

அவர் நாற்காலிக் கையில் தட்டினார். மெதுவாக ஆரம்பித்து, சரியான அடியைத் தட்டிக் காட்டினார். மீசைக்காரன் பயந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டான். பம்பை எழும்பியது. பாவாவின் இடது தோள் ஆடியது. பிறகு தலை ஆடியது. என்னோடு பேசி வைத்ததில் இந்த ஆட்டமெல்லாம் இல்லை.

"என் வேல முடிஞ்சிபோச்சி," என்றார், நாங்கள் பேசி வைத்தபடியே. "மலைக்கு போறேன்."

"போய்ட்டு வா சாமி! கோவமா போவாத சாமி!" அக்கா கதறினாள்.

"கோவம் இல்ல." இது நாங்கள் பேசி வைத்ததில் இல்லை. அக்காவையே பார்த்துச் சொன்னார். "கோவம் எப்பவும் இல்ல. கைய கால எடுத்தது நான் இல்ல. அது ரத்தக் கொயாய் அடைச்சிகினது. இவன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. மாத்திர குடு. சாப்பாடு குடு. வெரதம் முடிஞ்சிச்சி."

அக்காவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். கார்த்திகை மாதத்தில் இருந்து அவள் தூக்கிவைத்திருந்த ஏதோ ஒன்று கீழே இறங்கியது. நான் கற்பூரத் தட்டை வாங்கிக்கொண்டு, முடித்துவிடலாம் என்று ஓரடி வைத்தேன். பாவா இடது கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தார்.

"இவன்," என்றார்.

"சாமி?" என்றேன்.

"இந்த ஊர் சுத்திய ஓட வுடாதீங்க. ஆடிக் கிருத்திக வரைக்கும் திருத்தணிய தாண்டக் கூடாது. தாண்டினா கால் நிக்காது."

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. இழவு வீட்டுப் பெரிய மகன், "நாங்க பாத்துக்கறோம் சாமி," என்று வாக்குக் கொடுத்தான். அவனுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். பாவாவின் முகத்தைப் பார்த்தேன். சாமி வந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். இது அது இல்லை. பாவாவின் உள்ளங்கையில் நான் ஏற்றிய கற்பூரம் எரிந்து முடிந்தபோது அவர் ஒரு கண்ணை லேசாக மூடித் திறந்தார்.

பஸ் ஸ்டாண்டில் நான் சும்மா சர்பத் குடிக்க நின்றாலும், "இன்னாபா, எங்க கெளம்பிட்ட?" என்று கண்டக்டர் முதல் கடைக்காரர் வரை கேட்டார்கள். அரக்கோணம்கூடப் போக முடியவில்லை. வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரி, தினம் காலை மாத்திரை, வாயைத் திற, நாக்கைத் தூக்கு. முதல் மூன்று வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்றார். தூக்கம் கெட்டது. அக்கா என்னை முறைத்தாள். டாக்டரம்மா, "நிறுத்தாதீங்க," என்றார். தினமும் பத்தடி கூட நடக்க வைக்கவும், ஏதாவது வேலை கொடுக்கவும் சொன்னார். என்ன வேலை கொடுக்க? மீசைக்காரனை சாயங்காலம் வரச் சொன்னேன். அவன் அடிப்பான், பாவா நாற்காலிக் கையில் தட்டுவார், தப்பு வந்தால் இடது கை கோலைத் தேடும்.

அழுகையும் சிரிப்பும் முதலில் குறைந்தன. குறி கேட்க ஒன்றிரண்டு பேர் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள், மலையேறின செய்தி போய்ச் சேராதவர்கள். அவர்களிடம் பாவாவே, "சாமி மேல கீறாரும்மா. முன்னூத்தி அறுவத்தஞ்சி படி. ஏறி கேட்டுக்கோ," என்றார். அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவது எனக்குத் தெரிந்தது. வைகாசிக் கடைசியில் ஒரு நாள் அக்கா போட்ட கத்தரிக்காய்க் குழம்பை வாயில் வைத்துவிட்டு, "இத்த எவன் திம்பான்? புளி அள்ளி கொட்டிக்கீற," என்றார். அக்கா தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், அடுப்படியில் நின்று அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது, அடுத்து இவளுக்கு மாத்திரையா என்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வேறு குழம்பு வைத்தாள். அதையும் குறை சொல்லிவிட்டு முழுக்கச் சாப்பிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வலது கை வரவில்லை. சில நாள் காலையில் சுவர்ப் பக்கம் திரும்பியேதான் படுத்திருப்பார். அன்றைக்கெல்லாம் நான் யாருக்கும் தெரியாமல் பம்பையைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பேன். சத்தம் வராது. வைத்துவிடுவேன்.

ஆடிக் கிருத்திகையும் முடிந்தது. பாவா நாற்காலியில் உட்கார்ந்து பூக்காவடிகளைப் பார்த்தார். மீசைக்காரனின் அடியில் மூன்று குறை சொன்னார். சாமியின் கெடு முடிந்தது. மறுநாள் காலை பையைக் கட்டினேன். பெங்களூரில் ஒரு ஓட்டலில் ஆள் கேட்டிருந்தார்கள். கிளம்பும் முன் கடைசியாக ஒரு தடவை மூலைக்குப் போய்ப் பம்பையைத் தூக்கினேன்.

கலகல என்றது.

பையைப் போட்டுவிட்டு, பம்பையைக் கவிழ்த்து ஓங்கி உதறினேன். தரையெல்லாம் புளியங்கொட்டை.

பின்னால் சிரிப்புச் சத்தம். பாவா கோலை ஊன்றி வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய. இழவு வீட்டில் சிரித்த அதே அளவு. நான் அசையாமல் நின்றேன். இது எந்தச் சிரிப்பு? அழுகையாக மாறுமா என்று முகத்தையே பார்த்தேன்.

"போதும், நிறுத்துங்க. மூச்சு வாங்குது பாரு," என்றாள் அக்கா உள்ளே இருந்து.

நிறுத்தினார். சொன்னதும் நின்றது. இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாடா வாயப் பொளந்துகினு பாக்கற? பொறுக்கி போட்டுட்டு போ. பஸ்ஸு போயிடப் போவுது."